மாலை ஆறேகாலுக்கு வரும் ஊர்

அரசாங்கத்திடம் இருக்கும் எந்தத் தரவும் அழிவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் ரகுநாத் கோபித்துக்கொள்வார். கறம்பக்குடி சாலையில், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை, சாகுபடித் தரவு நல்வாழ்வு மையம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. ரகுநாத் அதன் தனி அலுவலர். சுற்றுவட்டாரத்தில் யார் எந்த வயலில் என்ன பயிர் வைத்தார்கள் என்ற விவரமெல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் இருந்தது. ஆவணி மாதத்தில் அந்தக் கம்ப்யூட்டரை மேம்படுத்தினார்கள். மேம்படுத்திய பிறகு அது முன்னைவிட மிகவும் வேகமாக ஓடியது. உள்ளே ஒன்றும் இல்லாததுதான் காரணம்.

"டேட்டா அழியல. ஓய்வுல இருக்கு," என்றார் ரகுநாத், விசாரிக்க வந்த விவசாயிகளிடம். "பேக்கப்னு தனியா ஒரு பிரதி எடுத்து வச்சிருக்கோம். அதுலேருந்து திரும்ப எறக்கிட்டா எல்லாம் பழையபடி ஆயிரும். யாரும் பயப்பட வேணாம்."

யாரும் பயப்படவில்லை. பயப்பட வேண்டிய ஆளான ஆண்டியப்பன் அன்றைக்குத் தன் வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார்.

ஆண்டியப்பனுக்கு ஊர் பூவரசன்விடுதி. ஒன்றரை ஏக்கர், போர் தண்ணீர், குறுவை நெல். புரட்டாசிக் கடைசியில் அறுத்து, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து, நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் பொட்டலில் கொட்டினார். நிலையம் என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு, ஒரு மேஜை. நெல்லெல்லாம் வெளியே வானத்துக்குக் கீழேதான் கிடக்க வேண்டும். அந்தக் குவியல்தான் ஆண்டியப்பனுக்கும் அவர் மனைவி அழகம்மாளுக்கும் அந்த வருஷம். வேறு வருஷம் அவர்களிடம் இல்லை.

நிலையத்தில் எடை போட்டுப் பட்டியல் எழுதுகிறவர் பைரோஸ். நல்ல மனிதர், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, அதனாலும் இருக்கலாம்.

"அண்ணே, சாகுபடிச் சான்று வேணும்ண்ணே," என்றார். "முந்தி மாதிரி பேப்பர்ல கையெழுத்து வாங்கியாந்தா செல்லாது. மையத்துல போயி சிஸ்டத்துல பிரிண்ட் எடுத்துக்கிட்டு வாங்க. அஞ்சு நிமிஷ வேல. வந்தீங்கன்னா ஒடனே எட போட்டுரலாம்."

ஆண்டியப்பன் மனைவியைக் குவியலுக்குக் காவல் வைத்துவிட்டு, அஞ்சு நிமிஷ வேலைக்காகப் பஸ் ஏறினார்.

மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் சிவரஞ்சனி என்ற ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தாள். ஒப்பந்தப் பணி. திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு போவதுபோல நகர்ந்துகொண்டிருந்தது.

"எந்த ஊருங்க?"

"பூவரசன்விடுதி."

"அது ஆறேகாலுக்கு வரும்."

"பஸ்ஸா தாயி?"

"டேட்டா. காலையில பத்து மணிக்கு எறக்க ஆரம்பிப்போம். ஒவ்வொரு ஊரா வரும். ஒங்க ஊரு சாயங்காலம் ஆறேகாலுக்கு வரும்."

"சரி, இருந்து வாங்கிட்டுப் போறேன்."

"இருக்க முடியாதுங்க. அஞ்சே முக்காலுக்கு ஆபீசப் பூட்டிருவோம்."

"அப்ப நாளைக்கு வாரேன்."

"நாளைக்கும் ஆறேகாலுக்குத்தாங்க வரும்."

ஆண்டியப்பன் சிரித்தார். கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் வாசலில் அறிவிப்புப் பலகையே வைத்திருந்தார்கள். ஊர்ப் பெயர், பக்கத்தில் நேரம். பதினொன்றரைக்கு வரும் ஊர்க்காரர்கள் பதினொன்றேகாலுக்கே வந்து டீ குடித்துவிட்டு, தங்கள் ஊர் வந்ததும் சான்றை அச்செடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று மணி ஊர்க்காரர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வந்தார்கள். பூவரசன்விடுதிக்கு நேராகவும் 6.15 என்று தெளிவாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே, அலுவலக நேரம் 5.45 வரை என்றும் அதே கையெழுத்தில், அதே மையில் எழுதியிருந்தது. இரண்டையும் எழுதியவர் ஒருவர்தான். அவருக்கு அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். இறக்கி முடிக்க ஒரு பகல் போதாது. ஆனால் ஐந்தே முக்காலுக்குக் காவலாளி மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். எங்கோ ஓர் அலுவலகத்தில் ராத்திரி முழுக்க ஒரு மின்விசிறி ஓடியதால், கடைசியில் போகிறவர் மின்சாரத்தை மொத்தமாக நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும் என்று மேலேயிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. இறங்கிக்கொண்டிருக்கும் ஊர்கள் அப்படியே நின்றுபோகும்.

மறுநாள் காலையில் ஆண்டியப்பன் கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றார். அன்றைய தொடக்க விழாவை முழுசாகப் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. ஆம், தினமும் விழாதான். குத்துவிளக்கு ஏற்றினார்கள். கீபோர்டுக்குச் சந்தனம் வைத்தார்கள். மானிட்டரின் குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். ரகுநாத் நாட்காட்டித் தாளைப் பார்த்து நல்ல நேரம் வரும்வரை கத்தரிக்கோலோடு நின்றார். வெள்ளிக்கிழமைகளில் ராகு காலம் முடியப் பன்னிரண்டு ஆகிவிடும் என்பதால் அன்றைக்கு எல்லா ஊரும் இரண்டு மணி நேரம் தாமதமாகவே ஓடும் என்று பலகையில் தனியாகக் குறிப்பு இருந்தது.

கம்ப்யூட்டர் பாவம், மரியாதை தெரிந்த பிராணி. சுவிட்சைப் போட்டதும் அதுவாகவே கேட்டது. 'பணி பாதியில் நின்றிருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரவா? முதலிலிருந்து தொடங்கவா?'

ரகுநாத் ரிப்பனை வெட்டி, 'முதலிலிருந்து' என்பதை அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். நேற்று வந்திருந்த ஊர்களெல்லாம் அழிந்தன. போட்டோ எடுத்து மாவட்ட வாட்ஸப் குழுவில் போட்டார்கள்.

ஆண்டியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். "சார், தொடரவான்னு அதுவே கேக்குதே. தொடருன்னு சொன்னா என்னங்க?"

ரகுநாத் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மனிதர் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். கனிவாகச் சொன்னார்:

"ஆண்டியப்பன், ஒங்களுக்கு நிர்வாகம் தெரியாது. தொடருன்னு அமுக்குனா, நடுவுல நின்னுச்சுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. ஏன் நின்னுச்சு, யாரு நிறுத்துனாங்க, எந்த எடத்துல நின்னுச்சுன்னு மூணு கேள்வி வரும். மூணுக்கும் நான் பதில் எழுதணும். முதல்லேருந்துன்னு அமுக்குனா ஒரு கேள்வியும் கெடையாது. புது முயற்சி. புது முயற்சிய யாராச்சும் தப்புன்னு சொல்லியிருக்காங்களா இதுவரைக்கும்?"

"என் நெல்லு வெளிய கெடக்குதுங்க சார்."

"அதுக்காகத்தான் நாங்க தெனமும் புதுசா முயற்சி பண்றோம்."

அன்று மாலை அழகம்மாள் போனில் கேட்டாள். "என்னங்க சொன்னாங்க?"

"நம்ம ஊரு ஆறேகாலுக்கு வரும்ங்குறாங்க."

"எங்கேருந்து வருது?"

அவள் பொட்டலில் கல்யாணப் பந்தல்காரரிடம் கேட்டு வாங்கிய ஒரே ஒரு படுதாவோடு உட்கார்ந்திருந்தாள். பகலில் நெல்லைக் கிளறிக் காயவைப்பாள். பனி இறங்கும் முன் கூட்டி மூடுவாள். பக்கத்தில் கிடந்த குவியல்களெல்லாம், அதாவது மத்தியானத்துக்குள் வந்துவிடும் ஊர்க்காரர்களுடைய நெல்லெல்லாம், எடைபோட்டு லாரி ஏறிப் போய்விட்டது. ஒரு வியாபாரி வந்து பாதி விலைக்குக் கேட்டார். இன்னும் ரெண்டு நாளில் சான்று வந்துவிடும் என்று அழகம்மாள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அரசாங்கத்தை நம்பினாள் என்று சொல்ல மாட்டேன். புருஷனை நம்பினாள்.

ஆண்டியப்பன் திங்கட்கிழமை மனு நாளில் மனுக் கொடுத்தார். மனு உரிய நடவடிக்கைக்காக அதே ரகுநாத்துக்கு அனுப்பப்பட்டது. பதில் தபாலில் வந்தது. 'மனுதாரரின் பெயர் தரவில் காணப்படாததால், மனுதாரர் என எவரும் இல்லை எனக் கண்டு, மனு இனிதே முடித்துவைக்கப்பட்டது.' தபால்காரர் அதை ஆண்டியப்பன் கையில்தான் கொடுத்தார். அவரைக் கண்டுபிடிப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

ஆனால் மனுவுக்குப் பலனே இல்லை என்று சொல்ல முடியாது. மனு என்று ஒன்று வந்துவிட்டதால் ரகுநாத் 'தொடர்ச்சியை உறுதிசெய்வதற்கான ஆலோசனைக் கூட்டம்' ஒன்றைக் கூட்டினார். பயனாளிகள் சார்பாக ஆண்டியப்பனையும் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். தோளில் பொன்னாடை போர்த்தினார்கள். பிளேட்டில் வடை கொடுத்தார்கள். கூடத்தில் வேலை செய்யும் பிளக் பாயிண்ட் ஒன்றுதான் இருந்தது. படம் காட்டும் கருவிக்கு அது வேண்டும் என்றார்கள்.

"சார், இதுல டேட்டா எறங்கிக்கிட்டு இருக்கு," என்றாள் சிவரஞ்சனி.

"கூட்டமே அதப் பத்தித்தானம்மா. கழட்டு," என்றார் ரகுநாத்.

கழற்றினாள். அன்றைக்குப் பதினொன்றரை ஊருக்குக்கூடச் சான்று கிடைக்கவில்லை. ரகுநாத் பேசினார். அவர் பேச்சை அப்படியே தருகிறேன். என் கற்பனைக்கு இவ்வளவு திறமை இல்லை.

"தொடருறதுங்குறது பழைய காலத்துச் சிந்தனை. நேத்து எவனோ விட்ட எடத்துல இன்னிக்கு நான் ஏன் நிக்கணும்? நம்ம மையம் இந்த மாவட்டத்துலயே அதிக தடவ மீட்புப் பணியத் தொடங்குன மையம். இத யாராலயும் மறுக்க முடியாது. ஒரே தடவையில முடிச்ச ஆபீசுங்களும் இருக்கு. அவங்களுக்கு இன்னிக்கு என்ன வேல இருக்கு? ஒண்ணும் இல்ல. சும்மா ஒக்காந்திருக்காங்க. நமக்கு நாளைக்கும் வேல இருக்கு. நாளன்னிக்கும் இருக்கு. இதுதான் வளர்ச்சி."

கைதட்டல் ஓய்ந்ததும் அவருக்கு மாவட்டத்திலிருந்து வந்திருந்த கேடயத்தை வழங்கினார்கள். அதிக தொடக்கங்களுக்கான கேடயம். கடைசியில் ஒரு தீர்மானமும் போட்டார்கள்: 'தொடர்க' என்ற பொத்தானை அழுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதை ஆராய ஒரு குழு. குழுவுக்குத் தலைவர் ரகுநாத். ஆண்டியப்பன் வடையை ஒரு காகிதத்தில் சுற்றி மனைவிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

ஐப்பசி பிறந்தது. வானம் தினமும் மத்தியானத்துக்கு மேல் கறுத்தது. கறுத்துக் கறுத்துக் கலைந்தது. அப்படி ஒரு நாளில்தான் ஆண்டியப்பனுக்கு நம்பிக்கை வந்தது. அன்று மாலை ஐந்து மணிக்கு ஓர் உயர் அதிகாரி ஆய்வுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இலுப்பூரில் ஏதோ விழாவில் மாட்டிக்கொண்டார். அவர் வரும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஐந்தே முக்கால் ஆனது. காவலாளி பழக்கத்தில் மெயின் சுவிட்சில் கையை வைத்துவிட்டு எடுத்தார். ஆறு ஆனது. பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது. அலுவலகமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. ஆண்டியப்பனுக்கு மட்டும் திருவிழா.

சரியாக ஆறேகாலுக்குத் திரையில் பூவரசன்விடுதி வந்தது.

"வந்துருச்சுங்க ஒங்க ஊரு," என்றாள் சிவரஞ்சனி. அவளுக்கே கொஞ்சம் உற்சாகமாகத்தான் இருந்தது. அந்த ஊரை அவளும் பார்த்ததில்லை.

வயல் வயலாக இறங்கியது. முதலில் அவருடைய வடக்கு வயல்காரர் வந்தார். 'தெற்கு எல்லை: ஆண்டியப்பன் வயல்' என்றிருந்தது. பிறகு கிழக்கு வயல்காரர். 'மேற்கு எல்லை: ஆண்டியப்பன் வயல்.'

"சுத்தி எல்லாரும் என்னத்தான் சொல்றாங்க தாயி. நான் எங்க?"

"வருவீங்க, இருங்க."

மேற்கு வயல்காரரும் வந்துவிட்டார். அப்போது வெளியே ஒரு மின்னல் வெட்டியது. இடி விழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மின்சாரம் போனது. அலுவலகத்தில் யூபிஎஸ் உண்டு. அது ரகுநாத் அறையின் மின்விசிறிக்கும் கேடயத்துக்கு மேலே போட்டிருந்த விளக்குக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. கேடயம் இருட்டில் நன்றாகத் தெரிந்தது.

ஆண்டியப்பனின் போன் அடித்தது.

"ஏங்க, இங்கிட்டுக் கொட்டுது! படுதா பத்தல, காத்து தூக்குது. ஒத்த ஆளா நான் எந்தப் பக்கத்தப் பிடிக்கிறது? சீக்கிரம் வாங்களேன்!"

"இந்தா வந்துட்டேன்," என்றார். போகவில்லை. கரண்ட் வந்துவிட்டால் அடுத்த பெயர் அவருடையதுதான். மழையில் போய்ப் படுதாவைப் பிடிப்பதா, இங்கேயே நின்று பெயரைப் பிடிப்பதா என்று தெரியாமல் ஒரு காலை வாசலிலும் ஒரு காலை உள்ளேயும் வைத்துக்கொண்டு நின்றார். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்காவது வந்தால் அவர்களுக்கு அரசு வேலை கிடைக்கட்டும்.

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் மறுபடியும் மரியாதையாகக் கேட்டது. தொடரவா? முதலிலிருந்து தொடங்கவா?

சிவரஞ்சனியின் விரல் மவுஸ் மேல் இருந்தது. அவள் ரகுநாத்தைப் பார்த்தாள். ரகுநாத் நாட்காட்டியைப் பார்த்தார்.

"வெளக்கு வச்சப்புறம் எதையும் தொடங்கக் கூடாது."

"தொடங்க வேணாம் சார், தொடருங்க போதும்! ஒரே ஒரு அமுக்கு! அடுத்தது நான்தான் சார்!" ஆண்டியப்பன் கைகூப்பினார்.

"தொடருறதுக்குத்தான் குழு போட்டிருக்கோமே. ஒங்க முன்னாடிதானே போட்டோம்? வடைகூட சாப்பிட்டீங்க. குழு அறிக்கை குடுக்கட்டும், அப்பறம் பாக்கலாம்."

அந்த நேரத்தில் உயர் அதிகாரி வரவில்லை என்று தகவல் வந்தது. காவலாளி சந்தோஷமாக மெயின் சுவிட்சை இறக்கினார். சிவரஞ்சனி குடையை விரித்துக்கொண்டு, "எனக்கு அமுக்கத் தெரியாம இல்லைங்க. அமுக்குனா நாளைக்கு என் எடத்துல வேற ஆளு இருப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஆண்டியப்பன் பொட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அழகம்மாள் படுதாவின் ஒரு முனையை முதுகுக்கு அடியில் போட்டு அதன்மேலேயே படுத்துக்கிடந்தாள். மறுமுனை பறந்துபோயிருந்தது. நெல்லுக்கு நடுவிலிருந்து தண்ணீர் கால்வாய் வெட்டிக்கொண்டு ஓடியது. அவள் அவரைத் திட்டவில்லை. "பேரு வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

மழை அதற்குப் பிறகு விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. வியாபாரிக்குப் போன் செய்தார்கள். பாதி விலைக்குக் கேட்டவர், நனைந்த நெல் தனக்கு எதற்கு என்று போனை வைத்துவிட்டார். சில நாட்களில் குவியலிலிருந்து ஊறல் நாற்றம் வந்தது. பிறகு மேலே மெல்லிசாக வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் குவியல் முழுக்கப் பச்சை.

தரவு இறங்குவதற்குக் காத்திருக்காமல், கண்ணால் பார்த்ததை நேரடியாகப் பதிவு செய்யலாம் என்று மையத்துக்குப் புது உத்தரவு வந்தது. இதையும் ரகுநாத் ரிப்பன் வெட்டித் தொடங்கிவைத்தார். நிலவழகன் என்ற களப் பணியாளரின் கையில் ஒரு செல்போனைக் கொடுத்து அனுப்பினார்கள். பயிர் நிற்கும் இடத்தைப் படம் எடுக்க வேண்டும், பக்கத்தில் நிற்கிறவர் பெயரை ஏற்ற வேண்டும். நிலவழகன் சாலையோடு போனவர் பச்சையைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"யாரு வச்ச பயிரு இது?"

"பயிரில்ல தம்பி," என்றார் ஆண்டியப்பன். "அறுத்துக் கொட்டுன நெல்லு. மழையில நனஞ்சு மொளச்சிருச்சு."

"அப்புடி ஒரு ஆப்ஷன் இதுல இல்லண்ணே. பயிர் இருக்கு, பயிர் இல்ல, ரெண்டே ரெண்டுதான். இம்புட்டுப் பச்சையா இருக்குறத நான் இல்லன்னு போட்டா பொய்யாப் போயிரும். பேரச் சொல்லுங்க."

"பேரு சிஸ்டத்துல ஏறிருமா?"

"இப்ப இந்த நிமிஷமே ஏறிரும்."

ஆண்டியப்பன் யோசிக்கவில்லை. எந்தக் கதவு வழியாக நுழைந்தால் என்ன, பெயர் உள்ளே போனால் சரி. துண்டை உதறித் தோளில் போட்டு, விரலால் தலையைக் கோதிவிட்டுக்கொண்டு குவியலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். அழகம்மாளையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். படம் நன்றாக விழுந்தது.

பெயர் உண்மையாகவே ஏறிவிட்டது. அடுத்த வாரமே மையத்திலிருந்து கம்ப்யூட்டரில் அச்சடித்த காகிதம் அவர் பெயருக்கு வந்தது. முத்திரை, தேதி, அவர் அப்பா பெயர், ஊர்ப் பெயர், எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருந்தன. அரசு புறம்போக்கு நிலத்தில் அனுமதியின்றி நெல் பயிரிட்டு ஆக்கிரமித்திருப்பதாகவும், ஏழு நாட்களுக்குள் பயிரை அகற்றாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் சொல்லியிருந்தது.

ஆண்டியப்பன் அதில் முதல் வரியை மட்டும்தான் படித்தார். தன் பெயர் இருந்த வரி. அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்.

"தம்பி, பேரு வந்துருச்சு! சிஸ்டத்துலேருந்து வந்துருக்கு, நெல்லுன்னும் போட்டிருக்கு. இத வச்சு எடுத்துக்கங்க. மொளச்சது போக அடியில நல்ல நெல்லு கொஞ்சம் கெடக்கும். அத மட்டுமாச்சும் எட போடுங்க."

பைரோஸ் கடைசி வரி வரைக்கும் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் படித்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"அண்ணே, எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இதுல, பயிர் நிலையில இருக்கு, இன்னும் அறுவடை ஆகலன்னு போட்டிருக்கு. அறுக்காத நெல்ல நான் எப்புடிண்ணே எட போடுறது?"

"அறுத்தாச்சே தம்பி. ஒங்க கண்ணு முன்னாடிதானே கொண்டாந்து கொட்டுனேன்."

"நான் பாத்தேண்ணே. சிஸ்டம் பாக்கலையே."

ஆண்டியப்பன் திரும்பி வந்தார். அழகம்மாள் குவியல் ஓரத்தில் எழுந்து நின்றாள்.

"எடுத்துக்குறாங்களா?"

"அறுத்துட்டு வரச் சொல்றாங்க."

அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். ஆனால் அவர் சாக்குச் சணல் அறுக்க வைத்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு, குவியல் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, இரண்டு விரல் உயரத்துக்கு நின்ற முளையை ஒரு பிடி பிடித்து அறுத்தார். அறுத்ததைத் தட்டி, நுனியைச் சேர்த்து ஒழுங்காகப் பக்கத்தில் வைத்தார். அடுத்த பிடியைப் பிடித்தார். அழகம்மாள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மறுபக்கத்திலிருந்து அவளும் கையாலேயே கிள்ள ஆரம்பித்தாள்.